இம்ரிக் ஹுடாக் நின்ற இடம்

இம்ரிக் ஹுடாக்கைப் பற்றி எங்கள் சுரங்க ஊரான கெல்லர்ஸ் ரன்னில் யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். கம்பெனி பேஸ்பால் டீமில் பன்னிரண்டு வருஷம், ஒரு ஆட்டம் விட்டதில்லை. விரல் முறிந்தபோதும் நின்றான், காய்ச்சலிலும் நின்றான், பெற்ற மகளின் ஞானஸ்நானத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் போய் நின்றான். எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு அதைக் கேட்டால் இன்றைக்கும் வயிறு எரியும். நின்றான், யார் இல்லையென்றது? ஆனால் அவன் நின்ற இடத்தில் நிற்க வேண்டியவன் என் புருஷன் மாட்டுஷ் க்ரூப்பா.

அந்த இடத்துக்கு ஃபர்ஸ்ட் பேஸ் என்று பெயர், வெறும் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பந்தை அடித்தவன் முதலில் ஓடித் தொட வேண்டிய மூலை அது. அவன் வந்து சேர்வதற்குள் நாலா பக்கத்திலிருந்தும் எறிகிற பந்து அங்கே நிற்பவன் கைக்குத்தான் வரும், அவன் பிடித்தால்தான் ஆள் அவுட். அது ஒரு பக்கம். எங்கள் நிலக்கரிக் கம்பெனியில் டீமில் ஆடுகிற ஒன்பது பேருக்கும் தரைக்கு மேலே வேலை கொடுப்பார்கள். ஃபர்ஸ்ட் பேஸ்காரனுக்கு விளக்கறை. காலையில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்கு விளக்கை எடுத்துக் கொடுத்து, சாயங்காலம் திரும்ப வாங்கித் துடைத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். கம்பெனி வீடுகளில் மேல்வரிசையில் வீடு வேறு, சமையலறைக்குள்ளேயே குழாய்.

மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன? ஒரு சட்டை, ஒரு தொப்பி. அதை மாட்டிக்கொண்டு ஞாயிறு முழுவதும் பெஞ்சைத் தேய்த்துவிட்டு, திங்கள் விடிந்தால் மாட்டுஷ் பூமிக்கு அடியில் முழங்கால் தண்ணீரில் நின்று கரி வெட்டுவான். இருமினால் எச்சில் கறுப்பாக வரும். தினமும் காலையில் விளக்கை யார் கையிலிருந்து வாங்கிக்கொண்டு இறங்குவான் தெரியுமா? இம்ரிக் கையிலிருந்து. சிரித்துக்கொண்டே வாங்குவானாம். நானாக இருந்திருந்தால் அந்த விளக்கை அவன் தலையிலேயே போட்டிருப்பேன்.

இதில் எனக்கு ஆறவே ஆறாதது ஒன்று உண்டு. அந்த இடம் அவனுக்கு என் கல்யாணத்தில் கிடைத்தது. இம்ரிக்கும் மாட்டுஷும் ஒரே வரிசை வீடுகளில் பிறந்தவர்கள், ஒரே நாளில் ஒரே பாறை விழுந்து அப்பாக்களைப் பறிகொடுத்தவர்கள். பால்பல் விழுந்து முடிப்பதற்குள் கரி உடைக்கிற கூடத்தில் கல் பொறுக்கப் போனவர்கள். இரண்டு பேரும் இடது கைக்காரர்கள், இரண்டு பேரும் ஃபர்ஸ்ட் பேஸுக்கென்றே வளர்ந்தவர்கள் போல நெட்டை. அப்போது அங்கே நின்ற பழைய ஆள் ஒரு சனிக்கிழமை கட்டைவிரலை உடைத்துக்கொண்டான். அடுத்த ஆள் மாட்டுஷ்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவன் அன்றைக்கு என்னோடு பூசைமேடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். எங்கள் ஸ்லோவாக் கல்யாணம் மூன்று நாள். நடுவில் மாப்பிள்ளை எழுந்து பந்து விளையாடப் போனால் என் அம்மா அவன் காலை உடைத்திருப்பாள். மாப்பிள்ளைத் தோழனாக வந்திருந்தவன் இம்ரிக். "ஒரு நாள்தானேடா, நான் போய் நிக்கறேன், நீ இங்கே டான்ஸ் ஆடு" என்று சொல்லிவிட்டு, கோட்டில் குத்தின பூவோடு போனான்.

ஒரு நாளாம்! போனவன் பன்னிரண்டு வருஷம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அவன் பெண்டாட்டி வெரோனாவோடு சண்டை போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அவள் மகளுக்கு நான்தான் ஞானத்தாய். அப்படி உறவானவர்கள் எங்களில் ஒருத்தியை ஒருத்தி கூமா என்றுதான் அழைக்க வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது, சுளித்தால் பாவம். யார் போட்ட சட்டமோ, என்னை மாதிரி ஒருத்தியை மனதில் வைத்துத்தான் போட்டிருப்பார்கள். அதனால் ஞாயிறுதோறும் மைதானத்துப் பலகைப் படியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, "உன் தொப்பி நல்லாருக்கு கூமா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். குழாய்த் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிறவள் கையும், தெருமுனையிலிருந்து வாளி தூக்குகிறவள் கையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் தெரியாதா? நான் கையை மடிக்குள் வைத்துக்கொள்வேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் ஈஸ்டர் கழிந்து ஆட்டங்கள் தொடங்கின. முதல் ஆட்டத்திலேயே நேராக நெஞ்சுக்கு வந்த பந்தை இம்ரிக் நழுவவிட்டான். எனக்குள் கோயில் மணி அடித்தது. "ஐயோ பாவம், வெயில் கண்ணுல பட்டிருக்கும்" என்று வெரோனாவிடம் சொன்னேன். மனதுக்குள், இன்னொன்று விடு, இன்னொன்று விடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். விட்டான். அடுத்த ஞாயிறும் விட்டான். ஓடும்போது ஈரமண்ணில் நடப்பவன் மாதிரி காலை இழுத்தான். நான் வீட்டுக்கு வந்து மாட்டுஷின் சட்டையை எடுத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டேன்.

ஆனால் வாரங்கள் போயின, அவனை யாரும் அந்த இடத்திலிருந்து தூக்கவில்லை. பிறகுதான் கவனித்தேன். டீமில் எல்லாரும் அவனுக்குப் பந்தை மெதுவாக, குழந்தைக்குப் போடுகிற மாதிரி போட்டார்கள். பந்து வீசுகிறவன் ஒவ்வொரு தடவையும் அந்த மூலைக்கு ஓடிப்போய்த் துணைக்கு நின்றான். இது போதாதென்று இன்னொன்றும் கண்ணில் பட்டது. எங்கள் ஆட்டத்தில் தடுக்கிற முறை முடிந்து அடிக்க வரும்போது தோல் கையுறையை அந்தந்த இடத்தில் புல்லிலேயே போட்டுவிட்டு வந்துவிடுவார்கள், அடுத்த முறை போய் எடுத்து மாட்டிக்கொள்வார்கள். இம்ரிக் கடைசியாக, மெல்ல நடந்து போவான். அவனுக்கு முன்னால் பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்து ஓடுவான். ஓடிப்போய்ப் புல்லிலிருந்து கையுறையை எடுத்து, ஏதோ கதை பேசுகிறவன் போல முதுகை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, இம்ரிக்கின் விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்து, மணிக்கட்டில் வாரைக் கட்டிவிட்டுத் திரும்பி வருவான்.

அந்த ஒருத்தன் என் புருஷன்.

அன்றைக்கு வீட்டில் சட்டி பறந்தது. "உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்காய்யா? அவன் விழுந்தா அந்த இடம் உனக்கு. நீயே போய் முட்டுக் கொடுத்துட்டு வர்றியா?" என்று கேட்டேன்.

மாட்டுஷ் காலணியைக் கழற்றிக்கொண்டே, "கத்தாதேடி. அவனுக்குக் கை மூடலே" என்றான்.

"எத்தனை நாளா?"

"பனி கொட்டறப்பவே ஆரம்பிச்சுடுச்சு. கம்பெனி டாக்டர் நரம்புத் தளர்ச்சி, ரெஸ்ட் எடுன்னு சொல்றான். அவன் ரெஸ்ட் எடுத்தா விளக்கறை போயிடும், வீடு போயிடும். ரெண்டு குட்டிகளை வெச்சுக்கிட்டு எங்கே போவான்?"

"உன் நெஞ்சுல கரி அடைச்சிருக்கே, அதுக்கு எவன் ரெஸ்ட் குடுக்கறான்? எவன் வந்து உனக்குச் சட்டை மாட்டிவிடறான்?"

"அவன் எனக்காக ஒரு நாள் நின்னான்டி. நம்ம கல்யாணத்தன்னிக்கு."

"ஒரு நாளா! மாதாவே, இந்த ஆளை நீதான் கேக்கணும்!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனான். எனக்குத் தூக்கம் வரவில்லை. பொறாமை ஒரு பக்கம் பிடுங்கியது என்றால், இப்போது பயமும் சேர்ந்துகொண்டது. கை மூடாதவன் விளக்கை எப்படி இறுக்கி மூடுவான்? எங்கள் சுரங்கத்தில் வாயு உண்டு. விளக்கு சரியாக மூடாவிட்டால் ஒரு பொறி போதும், உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் காலி. இந்த ஒரு காரணம் எனக்குப் போதுமானதாக இருந்தது. எங்கள் சுரங்கத்தையும் டீமையும் ஆள்கிற சூப்பரின்டெண்டெண்ட் ப்ரோதரோவிடம் போவதற்கு முன்னால் இம்ரிக்கை நேருக்கு நேர் நாலு கேட்டுவிட வேண்டும் என்று, விடிவதற்கு முன்பே சால்வையைப் போர்த்திக்கொண்டு விளக்கறைக்குப் போனேன்.

பெண்கள் அந்தப் பக்கம் போகவே கூடாது. சுரங்க வாசலில் ஒரு பாவாடையைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு ஒருத்தனும் இறங்க மாட்டான், அத்தனை பேரும் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அது தெரிந்தும் போனேன். கதவைத் தள்ளினால், உள்ளே இம்ரிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான், வெரோனா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு விளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருகி இறுக்கிக்கொண்டிருக்கிறாள். தினமும் இதுதான் வேலையாம். விடியுமுன் வந்து அத்தனை விளக்கையும் மூடிவிட்டு, சங்கு ஊதுவதற்குள் ஓடிவிடுவாளாம்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "கூமா, யார்கிட்டேயும் சொல்லிடாதே. உன் வீட்டுக்காரரு விளக்கை நான் ரெண்டு தடவை இறுக்கறேன், சத்தியமா."

"உன் சத்தியத்தைக் கொண்டு குப்பையிலே போடு" என்று நான் ஆரம்பித்தேனோ இல்லையோ, வெளியே பேச்சுச் சத்தம். ஆட்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். வெரோனா என் கையைப் பிடித்து இழுத்து எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் உட்காரவைத்தாள். நானும் ஒல்லியில்லை, அவளும் ஒல்லியில்லை. அவள் முழங்கை என் விலாவில், என் முழங்கால் அவள் வயிற்றில். அந்த நிலையில் பீப்பாய் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

இம்ரிக் பலகைக்குப் பின்னால் நின்றான். வந்தவர்கள் கை நீட்டி விளக்கை அவனிடம் வாங்கவில்லை. அவனைத் தாண்டி எட்டி, தாங்களே எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டு, அவன் கொடுத்த மாதிரியே, "நன்றிடா இம்ரிக்" என்று ஒவ்வொருத்தனும் சொல்லிவிட்டுப் போனான். மாட்டுஷும் அப்படியே செய்தான். ஒருத்தன் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது! சுரங்கமே சேர்ந்து மூடி வைத்திருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் புருஷன் கை விழுந்துபோனால் இத்தனை பேரில் ஒருத்தனாவது எட்டி எடுப்பானா? எட்டி உதைப்பான். இந்த மனுஷனுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இவ்வளவும்?

கடைசி ஆள் போனபிறகு வெரோனா முகத்தைச் சால்வையில் துடைத்துக்கொண்டாள். "உன்மேலே எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா கூமா?" என்றாள்.

"என்மேலேயா? என்கிட்டே என்னடி இருக்கு, வாளியா?"

"உன் வீட்டுக்காரரு சாயங்காலம் கரியோட வந்தாலும் தன் பித்தானைத் தானே கழட்டிக்கறாரு."

நான் பின்பக்கமாக வெளியே வந்தேன். ப்ரோதரோவிடம் போகவில்லை. நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஊரே மூடி வைத்ததை நான் திறந்தால் ஊர் என்னைத் தின்றுவிடும். அவ்வளவுதான்.

நான் சொல்லாவிட்டால் என்ன, ப்ரோதரோவுக்குக் கண் இல்லையா? ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்தன்று, பதினாலாம் நம்பர் சுரங்கத்து டீமோடு பெரிய ஆட்டம். அந்தச் சுரங்கத்து சூப்பரின்டெண்டெண்டுக்கும் இவருக்கும் ஜென்மப் பகை. அன்றைக்குப் பெஞ்சில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தான். டைர்னி என்று ஒரு ஐரிஷ்காரன், எங்கிருந்தோ ப்ரோதரோ பிடித்து வந்தவன், பளபளவென்று புதுக் காலணி. முழங்கால் மேல் வைத்திருந்தது ஃபர்ஸ்ட் பேஸ்காரன் போடுகிற பெரிய கையுறை. இம்ரிக் விழுந்தாலும் என் புருஷனுக்கு இல்லை! பன்னிரண்டு வருஷம் ஒருத்தன் மேல் வயிறெரிந்தது போதாதென்று இனி இந்தச் செம்பட்டைத் தலையன் மேலும் எரிய வேண்டுமா?

எங்கள் லீக்கில் ஒரு வழக்கம். ஆட்டம் தொடங்குமுன் காப்டன் நடுவர் பக்கத்தில் நின்று தகரக் குழலில் யார் யார் எந்த இடம் என்று கூவுவான். கூவியது கூவியதுதான், சூப்பரின்டெண்டெண்டே வந்தாலும் அதை மாற்ற முடியாது. காப்டன் இம்ரிக். குழலை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினான். அது ஆடியது. மாட்டுஷ் பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, திரும்ப உட்கார்ந்தான். இம்ரிக் எட்டுப் பேரைச் சொன்னான். தன் பெயர் வர வேண்டிய இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினான். ப்ரோதரோ டைர்னியின் தோளைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார்.

"ஃபர்ஸ்ட் பேஸ், மாட்டுஷ் க்ரூப்பா!"

ப்ரோதரோவின் கை அந்தத் தோளிலேயே நின்றுவிட்டது. மைதானமே எழுந்து நின்றது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், பதினாலாம் நம்பர்காரர்கள்கூடக் கழற்றினார்கள். யாருக்காக? இம்ரிக்குக்காக. என் புருஷன் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து முதல்முறையாக அந்த மூலைக்கு ஓடுகிறான், ஒரு ஜோடிக் கை தட்டவில்லை. அத்தனை கண்ணும் பெஞ்சுக்கு நடந்துபோகிறவன் முதுகின் மேலேயே இருந்தது. எனக்குக்கூடக் கை தட்ட வரவில்லை. பக்கத்தில் மட்டும் பட் பட்டென்று சத்தம் கேட்டது. வெரோனா கண்ணீர் வழிய மாட்டுஷுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு மாட்டுஷ் ஒரு பந்து விடவில்லை. பதினாலாம் நம்பரைத் தோற்கடித்த சந்தோஷத்தில் ப்ரோதரோ விளக்கறையையும் மேல்வரிசை வீட்டையும் க்ரூப்பா பெயருக்கு மாற்றிவிட்டார். ஹுடாக் குடும்பம் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. டைர்னி புதுக் காலணியோடு ஊருக்குத் திரும்பினான்.

நான் மூட்டை முடிச்சோடு அந்த வீட்டுக்கு ராணி மாதிரி போனேன். போனதும் குழாயைத் திறந்து பார்த்தேன். முன்னறையில் இம்ரிக் கட்டிலில் கிடந்தான். பிலடெல்பியா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டார்கள். தசை ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டே வரும், மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். வெரோனா பெட்டியில் துணியை வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே போறே?" என்றேன்.

"தெரியலே கூமா."

"தெரியாத ஊருக்கு எதுக்குடி பெட்டி? கீழே வை. குழாய் எனக்கு, அடுப்பு எனக்கு. முன்னறை அவருக்கு. கூடக்கூடப் பேசினே, கெட்ட கோபம் வரும்."

அப்படி ஒரு வீட்டில் இரண்டு குடும்பமானோம். வெரோனா சட்டை தைக்கிற ஃபாக்டரியில் வேலைக்குப் போனாள், நான் இம்ரிக்குக்கு ஊட்டினேன். சாயங்காலமானால் ஊர் முழுவதும் அவனைப் பார்க்க வரும், என் தரையை மிதித்துச் சேறாக்கும், நான் கறி வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ் பொதியைத் தின்னும். போகும்போது "ஹுடாக் வீட்டுக்குப் போயிட்டு வர்றோம்" என்றுதான் தெருவில் சொல்வார்கள். ஹுடாக் வீடாம்! புது ஃபர்ஸ்ட் பேஸ்காரன் எப்படி இருக்கிறான் என்று ஒரு நாய்கூடக் கேட்டதில்லை. மாட்டுஷின் எச்சில் மெல்ல மெல்ல வெளுத்து வந்தது. அதைக்கூட நான் மட்டும்தான் பார்த்தேன்.

ஆகஸ்டில் ஒரு சாயங்கால ஆட்டம் முடிந்து நான் முதலில் வீட்டுக்கு வந்தேன். வெரோனா இன்னும் ஃபாக்டரியிலிருந்து வரவில்லை. இம்ரிக் பக்கத்தில் உட்கார்ந்து சூப்பை ஊட்டினேன். அவனுக்கு நாக்கு குழற ஆரம்பித்திருந்தது. இரண்டு வாய் வாங்கினான், மூன்றாவதுக்கு வாயைத் திறக்கவில்லை.

"கூமா. மாட்டுஷ் விட்டானா?"

"என்னத்தை?"

"பந்தை."

சும்மா கேட்கிறான் என்று நினைத்து அவன் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கண்ணைப் பார்த்தேன். எனக்குத் தெரியாத கண்ணா அது? பலகைப் படியில் உட்கார்ந்து, இன்னொன்று விடு என்று வேண்டிக்கொண்டிருந்த என் கண் அது. சாகக் கிடக்கிறவனுக்கும் வயிறு எரிந்துகொண்டிருந்தது. அதைக் காட்டிக்கொண்டதில் அவனுக்கு வெட்கம், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பப் பார்த்தான், கழுத்து திரும்பவில்லை.

என் புருஷன் அந்த வருஷம் முழுவதும் ஒரு பந்து விட்டதில்லை. அதை இந்த ஊரில் சொல்லிக்காட்ட நான் ஒருத்திதான் இருந்தேன்.

"விட்டான்" என்றேன். "ஒண்ணில்லே, ரெண்டு. தாழ வந்ததைக் குனிஞ்சு எடுக்கத் தெரியலே, மரம் மாதிரி நிக்கறான். ஜனங்க என்ன கத்து கத்தினாங்க தெரியுமா? இம்ரிக்கைக் கூப்பிடு, இம்ரிக்கைக் கூப்பிடுன்னு. எனக்குத் தலையிலே துணியைப் போட்டுக்கிட்டு ஓடிவரலாம்போல இருந்துச்சு."

அவன் வாய் மெல்லத் திறந்தது. சூப்பை விட்டேன், விழுங்கினான். அப்போதுதான் வாசற்படி முனகியது. கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாட்டுஷ் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ. பன்னிரண்டு வருஷம் வாய் திறக்காமல் காத்திருந்து, இப்போதுதான் ஒரு பந்துகூட விடாதவன் என்று ஆன மனுஷன். அதையும் பெண்டாட்டியே பிடுங்கிக் கொடுத்துவிட்டாள்.

அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான்.

"ரெண்டு இல்லேடா, மூணு" என்றான். "கடைசியா விட்டதை இவ பாக்கலே. பக்கத்துலே எவளோடயோ வாயடிச்சுக்கிட்டு இருந்தா."

இம்ரிக் சிரித்தான். சிரிப்பில் சூப் வெளியே வந்து கழுத்தில் வழிந்தது. நான் ஏப்ரன் நுனியால் துடைத்துவிட்டு, அடுத்த கரண்டியை எடுத்தேன்.